மரத்தில் ஒரு புகைக்குழாய்: செதுக்கும் முன் துளையைப் புரிந்துகொள்வோம்

ஒரு பைப்பைக் கையில் வாங்கிப் பார்க்கிறவர் கண்ணில் முதலில் படுவது மரம்தான். அதன் வரியோட்டம், வளைவு, பளபளப்பு. பைப் செய்கிறவரோ முதலில் துளையைத்தான் பார்ப்பார். புகையிலை எரிய ஒரு குழி, அந்தக் குழியின் அடியிலிருந்து வாய் வரைக்கும் புகை வர ஒரு வழி. பைப் என்பது அவ்வளவுதான். இந்த இரண்டும் சந்திக்க வேண்டிய இடத்தில் சந்தித்துவிட்டால், வெளிப்பக்கம் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் பைப் நன்றாக வேலை செய்யும். சந்திக்காவிட்டால், எவ்வளவு அழகாகச் செதுக்கினாலும் அலமாரியில்தான் இருக்கும்.

புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் வடிவத்தில் ஆரம்பிக்கிறார்கள். படம் வரைந்து, கட்டையை அறுத்து, அப்புறம் துளை எங்கே போடுவது என்று யோசிக்கிறார்கள். துளைக்கும் மரத்துக்கும் உள்ள கணக்கு மனதில் நன்றாகப் பதிந்த பிறகு அந்த வழியில் போகலாம். முதல் பைப்புக்கு அது வேண்டாம்.

இதையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பைப் புகைத்தால் சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லை என்று ஒரு பேச்சு உண்டு. அதை நம்ப வேண்டாம். வாய், தொண்டை, நுரையீரல் புற்றுநோய் அபாயம் பைப்புக்கும் உண்டு. மரவேலை பிடித்ததற்காக மட்டுமே பைப் செதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரையும் மரவேலையைப் பற்றித்தான் பேசப்போகிறது.

எரியாத மரம் எது?

மரத்துக்குள் நெருப்பு வைத்தால் மரமும் சேர்ந்து எரிய வேண்டியதுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கான பதில் பிரையர். மத்திய தரைக்கடலைச் சுற்றியுள்ள வறண்ட புதர்க்காடுகளில் வளரும், வெள்ளைப் பூ பூக்கும் ஒரு செடி இது. தாவரவியலில் எரிக்கா ஆர்போரியா என்பார்கள். அதன் தண்டோ கிளையோ பைப்புக்கு ஆகாது. வேருக்கும் தண்டுக்கும் நடுவில், மண்ணோடு ஒட்டி, உருண்டையாக ஒரு முண்டு உருவாகும். காட்டுத்தீயில் மேலே உள்ள புதர் முழுக்கக் கருகினாலும் இந்த வேர்முண்டிலிருந்து செடி மறுபடி துளிர்க்கும். நெருப்பைத் தாங்கிப் பிழைப்பதற்காகவே அமைந்த உறுப்பு. நெருக்கமான இழை, கனம், சூட்டைத் தாங்கும் தன்மை எல்லாம் அதில் இருப்பது ஆச்சரியமில்லை.

பைப் செய்கிற அளவுக்கு ஒரு முண்டு பெருக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். இத்தாலியின் கலாப்ரியா, டஸ்கனி, பிரான்சின் கோர்சிகா தீவு, கிரீஸ், ஸ்பெயின், அல்ஜீரியா ஆகிய இடங்களில் இதைத் தோண்டி எடுக்கிறார்கள். எடுத்ததும் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும்; சட்டென்று காய்ந்தால் வெடித்துவிடும். பிறகு அறுத்து, மண்ணும் கல்லும் விரிசலும் உள்ள பகுதிகளைக் கழித்து, மிச்சக் கட்டைகளை மணிக்கணக்கில் தண்ணீரில் கொதிக்க வைப்பார்கள். மரத்தின் துவர்ப்பும் சாறும் அதில் இறங்கும். அதன் பிறகு நிழலில் மாதக்கணக்கில், சில பட்டறைகளில் ஆண்டுக்கணக்கில், மெதுவாகக் காயவிடுவார்கள். நாம் காசு கொடுத்து வாங்குவது இந்தக் காத்திருப்பைத்தான்.

பிரையருக்கு முன்னால் ஐரோப்பாவில் களிமண் பைப்பும், துருக்கியின் எஸ்கிஷெஹிர் பக்கம் கிடைக்கும் மீர்ஷாம் என்ற மென்மையான வெள்ளைக் கல்லில் செதுக்கிய பைப்பும் புழக்கத்தில் இருந்தன. களிமண் கையைச் சுடும், விழுந்தால் உடையும். மீர்ஷாம் விலை அதிகம். பிரான்சின் ஜூரா மலைப்பகுதியில் இருக்கும் செயின்ட் குளோட் ஊரில் மரக்கடைசல்காரர்கள் ஏற்கெனவே நிறைய இருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அவர்கள் பிரையரைக் கையில் எடுத்த பிறகு, மர பைப் என்றாலே பிரையர்தான் என்றாகிவிட்டது.

வேறு மரமே கூடாதா? கூடும். ஆலிவ், செர்ரி, பேரிக்காய் மரம், சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கறுத்துப்போன ஓக் என்று பலவற்றில் செய்கிறார்கள். மக்காச்சோளச் சக்கையில்கூடப் பைப் உண்டு. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் வாஷிங்டன் என்ற சிற்றூரில் 1869இல் தொடங்கிய மிசௌரி மீர்ஷாம் நிறுவனம் இன்றைக்கும் அதைத்தான் விற்கிறது. நம் ஊர்த் தச்சுப்பட்டறையில் துண்டாகக் கிடைக்கும் ஈட்டி, தேக்கு இவற்றில் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அலங்காரத்துக்குப் பைப்பின் தண்டில், அதாவது கிண்ணத்திலிருந்து வாய்ப்பக்கம் நீளும் மரப்பகுதியில், முனையில் ஒரு வளையம் போடலாம். புகையிலை எரியும் கிண்ணத்துக்கு வேண்டாம். இந்த மரங்களில் உள்ள எண்ணெயும் பிசினும் தோலுக்கும் மூச்சுக்கும் ஒவ்வாதவை. தூசியே சிலருக்கு அரிப்பைக் கிளப்பும் என்றால் புகை என்ன செய்யும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அரளி மாதிரி விஷச்செடிகளின் பக்கமே போகக் கூடாது. என்ன மரம் என்று தெரியாத கட்டைக்கும் அதே விதிதான்.

துளைகளின் கணக்கு

இப்போது விஷயத்துக்கு வருவோம். கிண்ணத்தில் இருக்கும் குழி ஏறக்குறைய 20 மி.மீ. அகலம், 35 முதல் 45 மி.மீ. ஆழம். அடிப்பாகம் தட்டையாக இல்லாமல் உருண்டு இருக்கும். தண்டு வழியாக வரும் புகைவழி சுமார் 4 மி.மீ. விட்டம். அது குழியின் அடியில், நட்ட நடுவில் வந்து திறக்க வேண்டும். பைப்பின் உயிர் இருப்பது இந்த ஒரு புள்ளியில்தான்.

புகைவழி அடியிலிருந்து சில மி.மீ. மேலே திறந்தால், அதற்குக் கீழே இருக்கும் புகையிலைக்குக் காற்றோட்டம் போகாது. அது எரியாமல் ஈரமாகிக் கசக்கும். கீழே இறங்கித் திறந்தால் அடித்தரையில் ஒரு வாய்க்கால் வெட்டியது போலாகி அந்த இடத்தில் மரம் மெலியும். பக்கவாட்டில் விலகினால் புகையிலை ஒரு பக்கம் மட்டும் எரிந்து அந்தப் பக்கத்துச் சுவர் சூடேறும். கடையில் பைப் வாங்கும்போதும் விளக்கு வெளிச்சத்தில் குழிக்குள் எட்டிப் பார்த்து இந்த ஒன்றைச் சரிபார்த்தால் போதும்; செய்தவரின் கை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

மூன்றாவதாக ஒரு துளை உண்டு. தண்டின் முனையில், வாயில் வைக்கும் தனிக்குழலான வாய்க்குழலின் முளை, அதாவது அதன் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய பகுதி, போய் உட்காருவதற்கானது. பொதுவாக 8 மி.மீ. விட்டம், 15 முதல் 20 மி.மீ. ஆழம். முளையின் நீளம் இந்தத் துளையின் அடியைக் கிட்டத்தட்டத் தொட வேண்டும். நடுவில் இடைவெளி விட்டால், அங்கே சுழலும் புகை குளிர்ந்து நீராகத் தேங்கும். இழுக்கும்போது களகளவென்று சத்தம் கேட்கிற பைப்புகளில் கோளாறு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கும்.

வாய்க்குழலுக்குள்ளும் இதே கணக்கு தொடர்கிறது. 4 மி.மீ. வட்டத்துளையின் பரப்பு சுமார் 12.5 சதுர மி.மீ. வாயில் கடிக்கும் முனை தட்டையானது; அங்கே வட்டத்துளைக்கு இடமில்லை. அதனால் துளையை உயரத்தில் குறைத்து அகலத்தில் விரிக்கிறார்கள். 1.5 மி.மீ. உயரம், 8 மி.மீ. அகலம் வைத்தால் 12 சதுர மி.மீ. ஆகிவிடும். அதாவது புகை போகும் வழி எங்கும் திடீரென்று குறுகவில்லை. நல்ல பைப்பில் இழுப்பு லேசாக இருக்கிறதென்றால் அதற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது சுவர். குழியைச் சுற்றிக் குறைந்தது 6 மி.மீ. மரம் இருக்க வேண்டும். அடியில் 8, 10 மி.மீ. இருந்தால் நிம்மதி. ஒன்றரை அங்குலம், அதாவது 38 மி.மீ. அகலமுள்ள கட்டையில் 20 மி.மீ. குழி போட்டால் பக்கத்துக்கு 9 மி.மீ. மிஞ்சும். அதில் 6 கட்டாயம் என்றால் உங்கள் கலைத்திறமைக்கு மிச்சம் 3 மி.மீ.! யானை, சிங்கம், பாட்டனாரின் முகம் என்று பெரிய திட்டத்தோடு வருகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்ப்பது நல்லது.

துளை போட்ட கட்டையை வாங்குங்கள்

மேலே சொன்ன மூன்று துளைகளும் போட்டு, வாய்க்குழலும் பொருத்தி, வெளிப்பக்கம் மட்டும் சதுரக்கட்டையாகவே விட்டு, ஆரம்பநிலைக்காரர்களுக்கென்று பிரையர் விற்கிறார்கள். முதல் பைப்புக்கு இதை வாங்குவதில் எந்த வெட்கமும் தேவையில்லை. துளையிடுவதற்கு நல்ல டிரில் பிரஸ் அல்லது கடைசல் இயந்திரம் வேண்டும். செதுக்குவதற்குக் கட்டையை இறுக்கிப் பிடிக்க ஒரு வைஸ், ஒரு சிறு ரம்பம், கரடான மர அரம் ஒன்று, அரைவட்ட அரம் ஒன்று, உருண்டை அரம் ஒன்று, உப்புத்தாள் இவ்வளவு போதும்.

கட்டை கைக்கு வந்ததும் முதல் வேலை அதை நனைப்பது. ஈரத்துணியால் துடைத்தால் காய்ந்த மரத்தில் தெரியாத வரியோட்டம் சில நொடிகளுக்குத் தெரியும். வேர்முண்டுக்குள் இழைகள் மையத்திலிருந்து வெளிப்பக்கமாகப் போகும். அந்த இழைகளோடு சேர்ந்து அறுத்த முகத்தில் நீள நீளமான கோடுகள், குறுக்கே அறுத்த முகத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள். ஒரே கட்டையில் இரண்டும் இருக்கும். கிண்ணத்தின் பக்கங்களில் கோடுகள் கீழிருந்து மேலாக ஓடி, வாய்விளிம்பில் புள்ளிகள் வந்தால் அந்தப் பைப்புக்கு விலையே தனி. சுவீடனில் பிறந்து டென்மார்க்கின் கோபன்ஹேகனில் பட்டறை வைத்திருந்த பைப் கலைஞர் சிக்ஸ்டென் இவார்சன், மரத்தின் வரியோட்டம் போகும் வழியில் வடிவத்தையும் விட்டார். டென்மார்க் பைப்புகளின் தனி அழகு அங்கே தொடங்கியது. துளை போட்ட கட்டையில் அந்தச் சுதந்திரம் இல்லை. இருந்தாலும் எந்தப் பக்கம் நல்ல வரி இருக்கிறதோ அந்தப் பக்கம் அதிகம் ராவாமல் விடலாம்.

அடுத்து பென்சில். குழி எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழம், புகைவழி எந்தக் கோணத்தில் போகிறது என்பதைக் கட்டையின் இரு பக்கமும் வெளியே கோடாக வரையுங்கள். ஒரு குச்சியை உள்ளே விட்டு ஆழத்தை அளந்துகொள்ளலாம். மறைந்திருக்கும் துளை வெளியே கோடாகத் தெரிந்த பிறகுதான் பைப்பின் உருவத்தை அதைச் சுற்றி வரைய வேண்டும்.

என்ன உருவம்? பில்லியர்ட் என்ற நேர்க்கிண்ண வடிவம் மிக எளிமையாகத் தெரியும். எல்லோரும் அதில்தான் ஆரம்பிக்க நினைப்பார்கள். செய்து பார்த்தால் அதுதான் கஷ்டம். எல்லாம் சமச்சீராக இருக்க வேண்டியதால் அரை மி.மீ. பிசகினாலும் கண் உடனே கண்டுபிடித்துவிடும். மேலே விரிந்து கீழே குறுகும் டப்ளின் வடிவமோ, இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்கத் தேவையில்லாத சுதந்திர வடிவமோ ஆரம்பத்துக்கு நல்லது.

வாய்க்குழலைக் கழற்றாமலே வேலையைத் தொடங்குங்கள். தண்டும் வாய்க்குழலும் சேரும் இடம் விரலுக்குத் தட்டாமல் ஒரே கோடாக வரவேண்டும் என்றால் இரண்டையும் சேர்த்தே ராவ வேண்டும். குழலின் மிச்சப் பகுதியில் டேப் சுற்றிவிட்டால் கீறல் விழாது. வைஸில் பிடிக்கும்போது மரத்தின் இரு பக்கமும் தோல் துண்டோ ரப்பரோ வைத்துக்கொள்ளுங்கள். முகமூடி கட்டாயம். பிரையர் தூசி மிக மெல்லியது. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போகும்.

ரம்பத்தால் நான்கு மூலைகளையும் கழித்துவிட்டு, மர அரத்தால் சதுரத்தை எட்டுப்பட்டையாக்குங்கள். எட்டுப்பட்டையைப் பதினாறாக்குங்கள். எடுத்த எடுப்பில் வட்டமாக்கப் பார்த்தால் எங்கே குறைந்தது, எங்கே கூடியது என்று தெரியாமல் போய்விடும். பட்டைகளாகப் போனால் ஒவ்வொரு பட்டையின் அகலத்தையும் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். அவ்வப்போது மேலிருந்தும், முன்னாலிருந்தும், வாய்க்குழலின் பக்கத்திலிருந்தும் ஒற்றைக் கண்ணால் பாருங்கள். கையில் காலிப்பர் இருந்தால் சுவரின் தடிமனை நாலைந்து இடத்தில் அளந்துவிடுவது உத்தமம்.

கிண்ணமும் தண்டும் சேரும் மூலைதான் பொறுமையைச் சோதிக்கும் இடம். உருண்டை அரமும் அரைவட்ட அரமும் அங்கேதான் வேலைக்கு வரும். நேரத்தில் பாதி இங்கேயே போய்விடும், போகட்டும். அவசரத்தில் செய்த பைப்பைக் காட்டிக்கொடுப்பது இந்த மூலைதான்.

நடுவில் ஒரு அதிர்ச்சி காத்திருக்கலாம். ராவிக்கொண்டே போகும்போது திடீரென்று ஒரு சின்னக் குழிப்புள்ளி தெரியும். சில நேரம் உள்ளே மணல் துகளும் இருக்கும். மண்ணோடு வளர்ந்த முண்டு அல்லவா, இது சகஜம். பிரையர் வேலையில் இதற்குத் தப்பியவர் யாருமில்லை. சின்னதாக இருந்தால் இன்னும் கொஞ்சம் ராவினால் போய்விடும். சுவர் கணக்கு மட்டும் நினைவில் இருக்கட்டும். போகவில்லை என்றால் அப்படியே விடலாம். அல்லது வழவழப்பை மறந்துவிட்டு மேற்பரப்பு முழுவதையும் வேண்டுமென்றே சொரசொரப்பாக்கலாம். சில கான்கிரீட் ஆணிகளைக் கூர்முனை வெளியே நீட்டும்படி ஒரு இரும்புக் குழாய்த்துண்டில் இறுக்கினால் அதற்கான கருவி தயார். அதை மரத்தில் அழுத்தித் திருகிக்கொண்டே போனால் பாறை போன்ற ஒரு பரப்பு கிடைக்கும். இதை மட்டமான தந்திரம் என்று நினைக்க வேண்டாம். முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் டன்ஹில் பைப் நிறுவனம் மணலை வேகமாக வீசி மென்மையான இழைகளை அரித்தெடுத்து, ஷெல் என்ற பெயரில் சொரசொரப்பான பைப்புகளை விற்கத் தொடங்கியது. அந்தத் தோற்றத்துக்கென்றே இன்றும் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

மெருகு

உருவம் வந்தபின் உப்புத்தாள். 80 நம்பரில் அரத்தின் தடங்களை எடுத்து, 120, 220, 320, 400 என்று ஏறுங்கள். முந்தைய நம்பரின் கீறல் ஒன்றுகூட மிச்சமில்லாமல் போன பிறகே அடுத்ததுக்குப் போக வேண்டும். 220க்குப் பிறகு ஒவ்வொரு நம்பர் முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். அமுங்கிக் கிடக்கும் இழைகள் எழுந்து நிற்கும். அடுத்த தாளில் அவை போய்விடும்.

சாயம் போட விரும்பினால் தோல்பொருள்களுக்குப் பயன்படுத்தும் ஸ்பிரிட் சாயம் நன்றாகப் பிடிக்கும். முதலில் கறுப்போ அடர் பழுப்போ பூசுங்கள். காய்ந்ததும் 400 நம்பரால் மேலோட்டமாகத் தேய்த்து எடுங்கள். மென்மையான இழைகள் சாயத்தை ஆழமாகக் குடித்திருக்கும், கடினமானவை வெளுத்துவிடும். இப்போது வெளிர் பழுப்போ ஆரஞ்சோ ஒரு கை பூசினால் வரியோட்டம் தெளிவாக எழுந்து நிற்கும். குழிக்குள் சாயம் இறங்காமல் துணியோ கார்க்கோ வைத்து அடைத்துக்கொள்ளுங்கள்.

வார்னிஷ் மட்டும் வேண்டாம். மேஜைக்கு அடிக்கும் பாலியுரேத்தேன் பூச்சு, சூடேறினால் கொப்பளித்து உரியும். பைப்புக்கு மெழுகுதான். பிரேசிலின் ஒரு பனைவகை ஓலையிலிருந்து எடுக்கும் கார்னோபா மெழுகு 82 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் உருகும் என்பதால் கைச்சூட்டிலும் பிசுபிசுக்காது. அதே காரணத்தால் வெறும் கையால் தேய்த்துப் பூசவும் முடியாது. துணிச்சக்கரத்தில் வைத்து ஓட்டினால் உராய்வுச் சூட்டில் உருகிப் படியும். சக்கரம் இல்லாதவர்கள் கார்னோபா கலந்த பேஸ்ட் மெழுகை விரலால் மெல்லியதாகத் தடவி, சற்றுக் காயவிட்டு, பருத்தித்துணியால் தேய்க்கலாம். பளபளப்பு கொஞ்சம் குறைவுதான். என் கண்ணுக்கு அந்த மங்கல் மினுப்பே பிடித்திருக்கிறது.

வாய்க்குழல் இரண்டு வகை. கந்தகம் சேர்த்துக் கெட்டிப்படுத்திய ரப்பரான எபோனைட், அல்லது அக்ரிலிக். எபோனைட் பல்லுக்கு இதமானது, ஆனால் வெயில் பட்டால் பச்சைப் பழுப்பாக நிறம் மாறும். அக்ரிலிக் நிறம் மாறாது, கடிக்கக் கொஞ்சம் கடினம். எதுவானாலும் 400 முதல் 2000 நம்பர் வரை தண்ணீர் விட்டுத் தேய்த்தால் கண்ணாடியாகும். கடிக்கும் இடத்தில் தடிமன் 4 மி.மீ. அளவுக்கு இறங்கினால் வாயில் உறுத்தாது.

புதுக்குழிக்குள் சிலர் ஒரு பூச்சு கொடுப்பார்கள். கரித்தூளைப் புளித்த மோரிலோ தயிரிலோ குழைத்து, மெல்லியதாகத் தடவி நன்றாகக் காயவிடுவது வீட்டுமுறை. புகைவழியில் ஒரு கம்பியை விட்டுக்கொண்டு பூசினால் அது அடைபடாது. பூச்சு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், புதிய பைப்பைத் தோசைக்கல்லைப் பழக்குவது போலப் பழக்க வேண்டும். முதலில் பாதிக் குழி, மெதுவான இழுப்பு, நடுவில் ஆறவிடுவது. சுவரில் நாளடைவில் ஒரு கரிப்படலம் ஏறும். அது மரத்துக்குக் கவசம். ஆனால் ஒரு மி.மீ. அளவுக்கு மேல் வளரவிடக் கூடாது. சூட்டில் கரி மரத்தைவிட வேகமாக விரிந்து கிண்ணத்தையே வெடிக்க வைக்கும். அதேபோல் பைப் சூடாக இருக்கும்போது வாய்க்குழலைத் திருகிக் கழற்றவும் கூடாது. முளை முறியும், இல்லையென்றால் தண்டு பிளக்கும்.

இதெல்லாம் கைக்கு வந்தபிறகு துளையில்லாத கட்டையை வாங்கிப் பார்க்கலாம். குழிக்கென்று டிரில்லில் மாட்டும் தனி பிட் தேடி அலைய வேண்டாம். மரத்தில் பெரிய ஓட்டை போட ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் தட்டை பிட்டின் முனையைக் கிரைண்டரில் தீட்டி, அடி உருண்டு வருமாறு செய்துகொண்டால் போதும். பல பட்டறைக்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். கட்டை இன்னும் சதுரமாக இருக்கும்போதே, வைஸில் ஆடாமல் பிடித்துத் துளைகளை முடித்துவிடுங்கள். தண்டுப் பக்கத்திலிருந்து முளைக்கான 8 மி.மீ. துளை, அதே மையத்தில் 4 மி.மீ. புகைவழி, கடைசியாக மேலிருந்து குழி. குழியை இறக்கும்போது கடைசி இரண்டு மி.மீ.யில் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். புகைவழியின் வாய் அடியில் தெரிந்ததும் டிரில்லை அணைத்துவிடுங்கள்.